மச்சான் வீட்டு மாடியில் முழுக் கிரகணம்

என் மச்சான் வீட்டு வாசற்படியை இனி மிதிப்பதில்லை என்று சபதம் செய்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. இன்னும் ஆறு மாதம் தாக்குப்பிடித்திருந்தால் ஏழரை ஆகியிருக்கும். அந்தப் பெருமையாவது எனக்கு மிஞ்சியிருக்கும். அதற்குள் சூரியனும் சந்திரனும் என் மனைவியோடு கூட்டுச் சேர்ந்துகொண்டார்கள். ஒருவரென்றால் சமாளிக்கலாம். ஒரே நாளில் மூன்று பேர் கிளம்பி வந்தால் ஒரு மனிதன் என்ன செய்வான்?

சண்டை என்ன என்று கேட்பீர்கள். சொல்கிறேன். எனக்கு மெத்தைக் கடையில் வேலை. "மெத்தைக் கடையில இருந்து இருந்து மெத்தனம் ஒட்டிக்கிச்சு" என்பாள் மனைவி. மெத்தை விற்பது லேசான காரியமில்லை. வாங்க வருகிறவர்கள் கூச்சப்படுவார்கள். நாலு பேர் பார்க்க நடுக்கடையில் யார் போய்ப் படுப்பார்கள்? ஆகவே நான் முதலில் படுத்துக் காட்ட வேண்டும். மத்தியான நேரம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே தெரு வெயிலில் மிதந்துகொண்டிருக்கும். உள்ளே மெத்தைகள் வரிசை வரிசையாக, கரைக்கு வர மறந்துபோன அலைகள் மாதிரி. மின்விசிறி மேலே தாலாட்டும். நான் படுத்துக் காட்டுவேன். வாங்க வந்தவர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் சில நாள் காட்டிக்கொண்டே இருப்பேன்.

அப்படி ஒரு வாரம் படுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த மெத்தை ஒன்றை மச்சானுக்கு விற்றேன். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். அவர் ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர். அவர் ரகசியம் பேசினால்கூட நாலு கட்டடம் தள்ளி நிற்கிறவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார். அந்த மனிதர் ஒரு மாதம் கழித்து, வேன் மேல் மெத்தையைக் கட்டிக்கொண்டு வந்து, கடை வாசலில் இறக்கிப் போட்டு, பயணிகளின் கனிவான கவனத்துக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னார்:

"இதுல படுத்தா முதுகு வலிக்குது. எழுந்தா மனசு வலிக்குது!"

கடைக்குள் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். அன்றைக்குச் செய்த சபதம்தான்.

மனைவி மட்டும் வருஷத்துக்கு இரண்டு தடவை அண்ணனைப் பார்க்கப் போவாள். தனியாகப் போவாள், தனியாக வருவாள். வந்த பிறகு இரண்டு நாள் அதிகம் பேசமாட்டாள். மச்சானைப் பற்றி நான் குறை சொல்லித் தீர்க்க அது சௌகரியமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த இரண்டு நாளும் வீட்டில் ஏதோ ஒரு விளக்கை அணைத்து வைத்த மாதிரி இருக்கும்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவளுடைய காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற அவள் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். பழகுகிறவர் தானேதான் ஓட்டுவதாக நினைத்துக்கொள்வார். எங்கள் குடும்பமும் அந்த மாதிரி வண்டிதான். ஸ்டீயரிங் என் கையில் இருக்கிறது. நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் சாயங்காலம். நான் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, அடுத்த ஞாயித்துக்கிழமை அண்ணனோட புது வீட்டுக்குப் போகணும். கூப்பிட்டிருக்காரு."

"யாரை?"

"உங்களையும்தான்."

"என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரா?"

"'அந்த ஆளையும் கூட்டிட்டு வா'ன்னு சொன்னாரு."

"பாத்தியா! பாத்தியா!"

"ஏழு வருஷமா உங்களை 'மெத்தைக்காரன்'னுதான் சொல்லிக்கிட்டிருந்தாரு. இப்ப ஆள் ஆயிட்டீங்க. எவ்வளவு முன்னேற்றம்!"

நான் சாக்குத் தேட ஆரம்பித்தேன். தலைவலி என்று சொன்னால் மாத்திரை தருவாள். கடையில் வேலை என்றால் முதலாளிக்குப் போன் போடுவாள். கண்கள் அறையைச் சுற்றி வந்து டிவியில் நின்றன. அங்கே ஒரு கரிய வட்டம். அதைச் சுற்றி வெள்ளி மயிரிழைகள் மாதிரி ஒளி. அடியில் எழுத்துகள் ஓடின. முழுச் சூரிய கிரகணம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"அன்னைக்கு முடியாதும்மா" என்றேன். "ஞாயித்துக்கிழமை ஞாயிறு மறையுது."

"என்னது?"

"சூரிய கிரகணம். நான் பாத்தே ஆகணும். சின்ன வயசு ஆசை."

"சின்ன வயசுல ஐஸ் வண்டி ஓட்டணும்னுதானே உங்களுக்கு ஆசை?"

"அது வாய் ஆசை. இது கண் ஆசை."

அவள் ஒரு சட்டையை மடித்து வைத்தாள். "சரி. எங்க தெரியும்?"

"இது என்ன கேள்வி? வானத்துல தெரியும்."

"வானம் எல்லா ஊர்லயும் இருக்குங்க. கிரகணம் எங்க தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"எங்க தெரியும்னு தெரியுமா?"

"தெரியும்னு தெரியும். எங்க தெரியும்னு தெரியாது."

இந்த ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்தவர் கட்டாயம் கல்யாணமானவராக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிவதும் தெரியும், மண்டைக்குத் தெரிவதும் தெரியும். இரண்டும் தெரியாதவனைப் பிடிக்க இதைவிட நல்ல வலை கிடையாது.

"நம்ம மாடியிலேர்ந்து பாத்துப்பேன்" என்றேன்.

"நம்ம ஊர்ல முக்கால்வாசிதான் மறையுமாம். டீச்சர் சொன்னாங்க."

"எந்த டீச்சர்?"

"என்கிட்ட ஓட்டக் கத்துக்கறாங்களே, கல்லூரியில வானத்தைப் பத்திப் பாடம் எடுக்கறவங்க. நூறு வருஷம் கழிச்சுச் சந்திரன் எங்க திரும்பும்னு சொல்லிடுவாங்க. கார் எங்க திரும்பும்னு மட்டும் சொல்லத் தெரியல. அவங்கதான் சொன்னாங்க. முழுக் கிரகணம்னா சந்திரனோட நிழல் பூமி மேல ஒரு நாடா மாதிரி ஓடுமாம். அந்த நாடாவுக்குள்ள நின்னாத்தான் முழுசாத் தெரியும். கொஞ்சம் தள்ளி நின்னா அரையோ முக்காலோதான்."

"முக்கால் போதும். நமக்கு எதுக்குப் பேராசை?"

"முக்கால் கிரகணம் பாக்கறது, கல்யாண வீட்டு வாசல் வரைக்கும் போய்ச் செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, சாப்பிடாமத் திரும்பி வர மாதிரியாம்."

எனக்கு ரோஷம் வந்தது. அந்த ரோஷம் எப்போதும் தப்பான நேரத்தில்தான் வரும்.

"நான் ஒண்ணும் அரைகுறை ஆளில்ல. பாத்தா முழுசாத்தான் பாப்பேன். எங்க தெரியுதோ அங்க போறேன்."

"எங்கயா இருந்தாலும்?"

"எங்கயா இருந்தாலும்! பாலைவனமா? போறேன். பனிமலையா? போறேன். உலகத்தோட கடைசி மூலையா? கிளம்பிட்டேன்!"

"நிஜமா?"

"வாக்குன்னா வாக்கு!"

அவள் துணியைக் கீழே வைத்தாள். கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தாள். அதில் கறுப்பாக ஒரு பட்டை. அவள் விரல் அதன் மேல் மெதுவாக ஊர்ந்தது. கடலில் தொடங்கியது. ஒரு தீவைத் தொட்டது. மலைகளைத் தாண்டியது. நான் கனவில் மிதந்தேன். மலை உச்சி. குளிர்காற்று. நான் மட்டும் ஒரு பாறையில் சாய்ந்திருக்கிறேன். பக்கத்தில் தேநீர்க் குடுவை. மச்சான்கள் இல்லாத உலகம். விரல் இன்னும் நகர்ந்தது. நெடுஞ்சாலையைப் பிடித்தது. ஒரு ரயில் நிலையத்தைத் தாண்டி, ஒரு பள்ளிக்கூடத்தைத் தாண்டி, ஒரு தெருவுக்குள் நுழைந்து, ஒரு மொட்டைமாடியில் வந்து நின்றது.

"நிழலோட நட்டநடுக் கோடு அண்ணன் வீட்டு மாடி மேலதாங்க போகுது."

நான் விரலால் வரைபடத்தைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன். பிறகு, "பக்கத்து ஊர்லயும் தெரியுமில்ல?" என்றேன்.

"தெரியும். அங்க அண்ணியோட அக்கா வீடு இருக்கு. அங்க போறதா இருந்தா அண்ணன் அங்க வந்துடறேன்னு சொல்லியிருக்காரு."

"மேகம் மூடிட்டா?"

"அண்ணன் வீட்டை வந்து பாத்த மாதிரி ஆகும்."

"சரி, இப்படிச் செய்வோம். சூரிய கிரகணம் கண்ணுக்கு ஆபத்து. நான் சந்திர கிரகணம் பாத்துக்கறேன். அதுக்கு எந்தக் கண்ணாடியும் வேண்டாம்."

"அதுவும் இருக்கு. ரெண்டு வாரம் கழிச்சுப் பௌர்ணமி அன்னைக்கு. அது பூமியோட நிழல்ல சந்திரன் போய் நிக்கறது. ராத்திரியா இருக்கற பாதி உலகத்துக்கும் தெரியும். நம்ம வீட்டு மாடியிலேயே தெரியும். அது ஊருக்கெல்லாம் பொதுங்க. சூரிய கிரகணம் அப்படியில்ல. அழைச்ச வீட்டுக்குத்தான் போகணும்."

"அமாவாசைக்கு அமாவாசை வரத்தானே செய்யும்? அடுத்த மாசம் பாத்தாப் போச்சு!"

"வராது. அமாவாசைக்கு அமாவாசை சந்திரன் நேருக்கு நேரா வர வேண்டியதுதான். ஆனா பாதை கொஞ்சம் சாய்வா இருக்காம். அதனால ஒவ்வொரு தடவையும் மேலயோ கீழயோ நழுவிப் போயிடும்." அவள் மறுபடி ஒரு துணியை எடுத்து மடித்தாள். "யாரை மாதிரின்னு நான் சொல்லல."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். கார் மேல் 'பழகுநர்' என்ற பலகை அப்படியே இருந்தது. மனைவி ஓட்டினாள். நான் அவள் வழக்கமாக உட்காருகிற பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் வயல்களில் பனி படுத்திருந்தது. எத்தனை பெரிய மெத்தை, உறைகூடப் போடாமல் விரித்து வைத்திருக்கிறார்களே என்று நினைத்தபடி அரைத்தூக்கத்தில் வந்தேன். மச்சான் ஊர்ப் பெயர்ப் பலகை தெரிந்தபோதுதான் முழு விழிப்பு வந்தது. காலடியில் ஏதோ இடறியது. பார்த்தேன். பிரேக்!

கல்யாணமான நாள் முதல் என் காலுக்கு வராத அதிகாரம் வந்திருக்கிறது. மிதித்தேன்.

கார் ஒரு குலுங்கு குலுங்கி நடுச்சாலையில் நின்றது. காற்று நின்றது. உலகமே நின்ற மாதிரி இருந்தது. என் வாழ்க்கையில் நான் நடத்திய ஒரே புரட்சி அது.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பின்னாடி லாரி வருது. காலை எடுங்க" என்றாள்.

எடுத்தேன்.

மச்சான் வாசலில் நின்றிருந்தார். முன்னைக்கு இப்போது கொஞ்சம் தொப்பை. தலையில் வெள்ளை, நடுவில் வழுக்கை. குரல் மட்டும் புத்தம் புதிதாக இருந்தது.

"தங்கச்சி! அவரை உள்ள வந்து உக்காரச் சொல்லு!"

"உங்க அண்ணன்கிட்ட சொல்லும்மா, உக்காந்தாச்சுன்னு."

"பயணம் எப்படி இருந்துச்சுன்னு கேளு!"

"நல்லா இருந்துச்சுன்னு சொல்லு."

"வீடு எப்படி இருக்குன்னு கேளு!"

"சுவர் நேரா இருக்குன்னு சொல்லு."

"நேரா இல்லாம வேற எப்படி இருக்குமாம்? கேளு!"

மூன்று பேரும் ஒரே சோபாவில்தான் உட்கார்ந்திருந்தோம். நடுவில் அவள். நாங்கள் சொன்னதையெல்லாம் அவள் ஒரு தடவை இந்தப் பக்கமும் ஒரு தடவை அந்தப் பக்கமும் திரும்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். சாப்பாடு முடிவதற்குள் அவள் தொண்டை கட்டிவிட்டது. மச்சானின் மனைவி பாவம், தண்ணீர் கொண்டுவந்து கொண்டுவந்து கொடுத்தாள்.

கிரகணம் மூன்று மணிக்கு மேல்தான். அதுவரை படுக்கட்டும் என்று எனக்கு ஓர் அறையைக் காட்டினார்கள். அங்கே கட்டிலில் ஒரு மெத்தை. எங்கள் கடைக்கு எதிர்க்கடை மெத்தை!

தொழில்காரன் கண்ணை மூடிக்கொள்ள முடியுமா? கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். முழங்கையால் குத்திப் பார்த்தேன். ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். குறை கண்டுபிடிக்கிற எண்ணத்தோடு மட்டும் படுத்துப் பார்த்தேன்.

அப்புறம் நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. ஒரு மேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். மேகத்துக்கு நாலு மூலையிலும் தையல் இருந்தது. சந்திரன் எங்கள் கடைக்கு வந்து, "ரொம்ப நாளா நின்னுக்கிட்டே இருக்கேன், படுக்க ஏதாவது காட்டுங்க" என்றது. வட்டமான மெத்தை எங்களிடம் இல்லையே என்று நான் வருத்தப்பட்டேன். பரவாயில்லை என்று சந்திரன் என் பக்கத்திலேயே சுருண்டு படுத்தது. படுத்ததும் மெலிந்தது. மெலிந்து மெலிந்து நகத்துண்டு ஆயிற்று.

"என்னங்க! எழுந்திருங்க! சூரியனைக் கடிக்க ஆரம்பிச்சாச்சு!"

மாடிக்கு ஓடினேன். நல்ல தூக்கம் தூங்கிய முகத்தோடு எதிரியின் மாடியில் நிற்பதைப் போல் ஓர் அவமானம் கிடையாது. மனைவி கிரகணக் கண்ணாடி ஒன்றை என் மூக்கில் மாட்டிவிட்டாள். அட்டைச் சட்டத்தில் கறுப்புத் தாள் ஒட்டினது. மாட்டிக்கொண்டதும் உலகம் முழுவதும் அணைந்துபோயிற்று. நெருப்பு நிறத்தில் ஒரு சூரியன் மட்டும், ஓரத்தில் யாரோ ஒரு வாய் கடித்துத் தின்ற மாதிரி.

அக்கம்பக்கத்து மாடிகளிலும் கூட்டம். எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். தெரு மட்டும் காலி. ஒரு சைக்கிள் சுவரில் சாய்ந்துகொண்டு அதுவும் மேலே பார்ப்பது போலிருந்தது.

நேரம் போகப் போக வெளிச்சம் மாறியது. சாயங்காலம் வருகிறபோது வெளிச்சம் மஞ்சளாகும். இது அப்படியில்லை. ஈயம் பூசின பாத்திரத்தின் நிறம். நிழல்கள் கத்தி வைத்து நறுக்கின மாதிரி. என் தலைமுடி ஒவ்வொன்றும் தரையில் தனித்தனியாகத் தெரிந்தது. இத்தனை குறைந்து போயிற்றா என்று அப்போதுதான் கவனித்தேன்.

மாடி ஓரத்தில் ஒரு மரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கீழே மச்சான் நின்றார். இலைகளின் சந்துகளில் விழுந்த வெளிச்சம் எப்போதும் வட்டம் வட்டமாகத்தானே விழும்? அன்றைக்கு அத்தனையும் பிறை. நூறு நூறு பிறைகள். அவருடைய வெள்ளைச் சட்டையெல்லாம் பிறை. தொப்பையில் பிறை. வழுக்கையில் பிறை. அவருக்கு அது தெரியாது. காற்று அடித்தபோது பிறைகள் எல்லாம் அவர் மேல் நீந்தின. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இவ்வளவு நிலவைச் சுமந்துகொண்டு நிற்கிற மனிதர் மேல் எப்படி ஐயா கோபப்படுவது? அதற்காக உடனே பேசிவிடவில்லை. சபதம் சபதம்தான். மனைவியை என் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டேன். அவளுக்கு அந்தப் பக்கம் அவர் வந்து நின்றார்.

திடீரென்று காற்றுக் குளிர்ந்தது. பறவைகள் எதையோ மறந்துவிட்டது போலக் கலைந்து பறந்து மரத்துக்குள் போயின. மேற்கே தூரத்தில், அடிவானத்திலிருந்து ஒரு கருநீலப் போர்வையை யாரோ எங்கள் மேல் இழுத்தார்கள். அது வருவது கண்ணுக்குத் தெரிந்தது. கூரைகளைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிகளைத் தாண்டி, சத்தமே இல்லாமல். கண்ணாடியில் கடைசிக் கீற்றும் அணைந்தது.

"இப்பக் கண்ணாடியைக் கழட்டலாம்" என்று மனைவியின் குரல் காதோரம் கேட்டது.

கழற்றினேன்.

என்ன சொல்ல! சூரியன் இருந்த இடத்தில் ஒரு துளை. அதிலிருந்து வெள்ளை ஒளி மூன்று நாலு திசையில் பட்டுத்துணி மாதிரி பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு நட்சத்திரம். இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. சுற்றிலும் அடிவானம் முழுக்க, நாலு பக்கமும் ஒரே நேரத்தில் அந்திச் சிவப்பு. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பட்டப்பகலில் கனவு காண்கிறவன் என்று என்னை எத்தனையோ பேர் ஏசியிருக்கிறார்கள். அன்றைக்குப் பட்டப்பகலே என்னோடு சேர்ந்து கனவு கண்டது.

இருட்டில் கையை நீட்டி அவள் கையைப் பிடித்தேன். இத்தனை வருஷம் வாயைத் திறந்து சொல்லாததெல்லாம் தானாக வந்தது.

"இதோ பாரு... நான் சொன்னதே இல்ல. நீ இல்லேன்னா நான் பஞ்சு இல்லாத உறை. மடிச்சு மூலையில போடத்தான் லாயக்கு. எனக்குள்ள இருக்கற பஞ்செல்லாம் நீதான்."

அந்தக் கை என் கையை இறுக்கிப் பிடித்தது. ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்து எவ்வளவு கெட்டியாகிவிட்டது என்று நினைத்தேன். பாவம், எவ்வளவு உழைக்கிறாள்! இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அதுவும் அழுத்தியது. லேசாக ஒரு விம்மல் கேட்டது. எனக்கும் கண் நிறைந்தது. அந்த இரண்டு நிமிஷத்தில் என்னைவிடச் சந்தோஷமான புருஷன் அந்த நிழலுக்குள் எங்கேயும் இருந்திருக்க மாட்டான்.

துளையின் ஓரத்தில் ஒரு வைரம் வெடித்தது. வெளிச்சம் கொட்டியது. நான் அவள் பக்கம் திரும்பினேன்.

மச்சான்.

அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. என் கை அவருடைய இரண்டு கைகளுக்குள் இருந்தது. மனைவி அவருக்கு அந்தப் பக்கம், அண்ணியோடு சேர்ந்து மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ளே!" என்றார் மச்சான். கையை உதறிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவர் அக்கம்பக்கத்து மாடிகளைப் பார்த்துத் திரும்பிவிட்டார். பேருந்து நிலையத்தில் பழகின குரல் கிளம்பியது.

"எல்லாரும் கேளுங்க! நான் இல்லேன்னா என் மாப்பிள்ளை பஞ்சு இல்லாத உறையாம்! அவருக்குள்ள இருக்கற பஞ்செல்லாம் நான்தானாம்!"

எல்லா மாடியிலும் கை தட்டினார்கள். சூரியன் திரும்பி வந்ததற்கா, நான் திரும்பி வந்ததற்கா என்று தெரியவில்லை. ஒருவர் அந்தக் கோடியிலிருந்து, "எந்த ஊர் மாப்பிள்ளைங்க? இப்படி ஒருத்தர் எங்க வீட்டுக்கு வாய்க்கலையே!" என்று கத்தினார்.

இனி என்ன செய்வது? 'மன்னிக்கவும், உங்களை என் மனைவி என்று நினைத்துவிட்டேன்' என்று சொல்லலாம். அழுதுகொண்டிருக்கிற ஒரு மனிதரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

"ஆமாம் மச்சான்" என்றேன்.

"மாப்ளே, நானும் ஒண்ணு சொல்றேன். அந்த மெத்தை மேல தப்பே இல்ல. நான் அப்போ குளியலறையில வழுக்கி விழுந்திருந்தேன். அதை வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. பழியை மெத்தை மேல போட்டுட்டேன்!"

"விடுங்க மச்சான். இப்ப வெச்சிருக்கீங்களே, அதுவும் நல்ல மெத்தைதான்" என்றேன். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு வலித்தது என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் புரியும்.

சூரியன் முழுசாக வெளியே வந்து, இறங்கி, ஒழுங்கு முறைப்படி ஒரு தடவை மறையவும் செய்தது. நாங்கள் இருவரும் மாடியிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ஏழு வருஷப் பேச்சு பாக்கியிருந்தது.

திரும்பி வரும்போது காரில் கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டேன்.

"நீ என் பக்கத்துலதானே நின்னுக்கிட்டிருந்தே?"

"ஆமாம்."

"இருட்டுல எங்க போன?"

"அண்ணிக்குச் சரியாத் தெரியலைன்னாங்க. தள்ளிப் போய்க் காட்டினேன்."

"முழுக் கிரகணம் தெரியாம இருக்குமா? அது என்ன சுவர்ல இருக்கற பல்லியா?"

அவள் கியர் மாற்றினாள். எதிர்க்காரின் வெளிச்சம் அவள் முகத்தில் வந்து போயிற்று. சிரிப்பை உதட்டுக்குள் மடித்து வைத்திருந்தாள்.

"இந்தத் தேதியை அண்ணன்கிட்ட யார் சொன்னது?"

"நான்தான். டீச்சர்கிட்டக் கேட்டுட்டுச் சொன்னேன்."

"அன்னைக்கு டிவியில கிரகணச் செய்தி..."

"நான்தான் அந்தச் சேனலைப் போட்டேன். நீங்க எப்படியும் ஒரு சாக்குத் தேடுவீங்க. தேடற சிரமம் எதுக்குன்னு கண்ணு முன்னாடியே வெச்சேன்."

நான் வெளியே பார்த்தேன். வயல்கள் நீலமாகிக்கொண்டிருந்தன. கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. அண்ணன் மேல் இவளுக்கு எவ்வளவு பாசம் என்றுதான் தோன்றியது. தனியாகப் போய்த் தனியாக வந்த ஏழு வருஷமும் மனசுக்குள் எவ்வளவு ஏங்கியிருப்பாள்! எங்கள் இருவரையும் சேர்த்துவைக்க வானத்தையே வளைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று நெகிழ்ந்து, அப்படியே தூங்கிப்போனேன்.

அதற்குப் பிறகு நானும் மச்சானும் தினமும் போனில் பேசினோம். காலையில் அவர் கூப்பிடுவார், மத்தியானம் நான் கூப்பிடுவேன், சாயங்காலம் யார் கூப்பிட்டோம் என்று இருவருக்கும் தெரியாது. கிரகணத்தைப் பற்றித்தான் பேச்சு. ஒரே இடத்தில் முழுச் சூரிய கிரகணம் மறுபடி வர நூற்றுக்கணக்கில் வருஷம் ஆகலாம் என்று அவர் எங்கேயோ படித்துச் சொன்னார். அப்படியானால் நாம்தான் அதைத் தேடிப் போகவேண்டும் என்று நான் சொன்னேன். அவர் குரல் என் கைப்பேசியிலிருந்து கிளம்பிக் கீழ்வீடு வரை கேட்கும். கீழ்வீட்டுக்காரர் படியில் பார்க்கும்போதெல்லாம் அடுத்த கிரகணம் எங்கே என்று எனக்கே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

பௌர்ணமி வந்தது. சந்திர கிரகணம். நானும் மனைவியும் எங்கள் மாடிக்குப் போனோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மச்சான் அவர் மாடியில் இருந்தார், போனில். சந்திரன் கிரகணத்தோடேயே உதித்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கட்டடங்களுக்கு மேலே, மங்கலாக, செம்புத் தட்டு ஒன்று மெல்ல மிதந்து எழுந்தது. கண்ணாடி வேண்டாம், அவசரம் வேண்டாம். அது பாட்டுக்குச் சிவந்து கிடந்தது. ஊர்ச் சத்தமெல்லாம் பஞ்சில் சுற்றி வைத்த மாதிரி தணிந்து கேட்டது.

"மாப்ளே, தெரியுதா?"

"தெரியுது மச்சான். உங்களுக்கு?"

"எனக்கும் அதேதான் தெரியுது! அடுத்த முழுச் சூரிய கிரகணம் கடல் தாண்டித்தான் மாப்ளே. பத்து நாள் பயணம். போவோமா?"

கடல். கப்பல் மேல்தளம். அலையெல்லாம் பிறை பிறையாக மின்னும். நான் கைப்பேசியைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியிடம் திரும்பினேன். அவள் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த கிரகணத்துக்கு மச்சான் கூப்பிடறாரு. நாம மூணு பேரும் போவோம்."

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"நீ வரலையா? இங்க அது தெரியவே தெரியாதே!"

"தெரியலைன்னாப் பரவாயில்லைங்க. ஏழு வருஷமா நீங்க அவரைப் பத்தியும், அவரு உங்களைப் பத்தியும் என் ஒருத்திகிட்டதானே பேசினீங்க? பத்து நாளைக்குக் கேக்காம இருந்தாப் போதும்."